650 பவுனுக்கு ஒரு விமானம்



நம் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். வார இறுதிகளில் விமானம் ஓட்டப் பழகி, உரிமமும் வாங்கிவிட்டார். இப்போது மூன்று நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து, 1970களில் செய்த செஸ்னா 150 என்ற இரண்டு பேர் உட்காரும் விமானத்தை வாங்கப் பார்க்கிறார். ஒரு நல்ல காரின் விலைதானாம். வீட்டில் ஒரே சண்டை. "யானையைக் கட்டித் தீனி போட நம்மால் ஆகுமா என்று கேட்கிறார்கள் சார். எதைக் கேட்டாலும் சரித்திரம் சொல்வீர்களே, இதற்கும் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். அவருக்கு மட்டும் எழுதுவதைவிட உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள்.

எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. கோரிமேட்டில் வீடு இருப்பதால் லாஸ்பேட்டை ஓடுபாதை பக்கத்து ஊர்க்காரன் என்ற உரிமை மட்டும்தான். ஆனால் சின்ன விமானத்தின் செலவுக் கணக்குக்கு நம் பக்கத்திலேயே நூறு வருடத்துக்கு மேலான சரித்திரம் இருக்கிறது.

அது ஒரு ஓட்டல்காரரிடமிருந்து தொடங்குகிறது. கியாகோமோ தாஞ்செலிஸ் என்பவர் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். நெப்போலியன் பிறந்த அதே கோர்சிகாத் தீவுக்காரர். 1909 ஜூலையில் பிரெஞ்சுக்காரர் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதில் இவருக்கும் ஆசை பிறந்தது. தானே வரைபடம் போட்டு, சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்து ஒரு விமானம் செய்யச் சொன்னார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அதை ஓட்டினார். இந்தியாவில் எஞ்சின் வைத்த விமானம் பறந்த முதல் நிகழ்வாக அதைச் சொல்கிறார்கள்.

சிம்ப்சன் அப்போது குதிரை வண்டி கட்டும் கம்பெனி என்பதைக் கவனியுங்கள். வண்டி கட்டுபவனிடம் ஏன் விமானத்தைக் கொடுத்தார்? அன்றைய விமானம் என்பது மரச்சட்டம், இழுத்துக் கட்டிய கம்பி, மேலே தைத்த துணி. தச்சனும் தையல்காரனும் கொல்லனும் ஒரே கூரையின் கீழ் இருந்த இடம் வண்டிப் பட்டறைதான். பழைய விமானத்தைப் பராமரிக்க இன்றைக்கும் இந்த மூன்று கைகளும் வேண்டும். அவை கிடைக்காமல் போவதே இதில் பெரிய செலவு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது 1920கள். இங்கிலாந்தில் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட், நடுத்தரப் பணக்காரர்களும் வாங்கக்கூடிய விமானம் ஒன்றைச் செய்ய நினைத்தார். 1925-ல் மாத் விமானம் வந்தது. கொஞ்ச காலத்தில் அதே கம்பெனியின் ஜிப்ஸி எஞ்சினைப் பூட்டி ஜிப்ஸி மாத் ஆக்கினார்கள். இறக்கைகளை மடக்கிக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போய் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தலாம். விலை 650 பவுன்.

இங்கே ஒரு சுவையான விஷயம். நம் வீடுகளில் தங்கத்தைப் பவுன் கணக்கில் சொல்கிறோமே, அது இந்த இங்கிலாந்துப் பவுன் நாணயத்திலிருந்து வந்த சொல்தான். 1925 முதல் 1931 வரை இங்கிலாந்தின் காசுக்குத் தங்கம் பின்னணி இருந்தது. ஒரு பவுன் நோட்டின் மதிப்பு ஒரு பவுன் தங்கக் காசின் மதிப்பு. ஆகவே ஜிப்ஸி மாத்தின் விலை நம் பாட்டிகள் சொல்கிற அதே 650 பவுன், அதாவது ஐந்து கிலோவுக்கு மேல் தங்கம். இன்றைய விலையில் பெருக்கிப் பாருங்கள். 'ஏழைகளின் விமானம்' என்று அதைச் சொன்னவர்கள் எந்த ஊர் ஏழைகளைப் பார்த்தார்களோ.

வாங்கும் விலை ஒரு புறம். வாங்கியபின் என்ன ஆகும் என்ற பயம் அன்றும் இருந்தது. அதைப் போக்க டி ஹாவிலண்ட் ஒரு காரியம் செய்தார். ஒரு ஜிப்ஸி எஞ்சினுக்கு முத்திரை வைத்து, உள்ளே யாரும் கை வைக்க முடியாதபடி மூடி, சுமார் ஒன்பது மாதங்களில் 600 மணி நேரம் பறக்கவிட்டார்கள். பிறகு பிரித்துப் பார்த்து, தேய்ந்த பாகங்களை மாற்ற என்ன செலவு என்று கணக்குப் போட்டார்கள். ஏழு பவுனுக்குச் சற்று மேல்தான் ஆனது. இந்தச் செய்தி உலகமெங்கும் விளம்பரமானது.

விளம்பரம் பொய்யில்லை. ஆனால் அந்த விமானத்தை ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள், நின்ற இடம் நல்ல கொட்டகை, ஒன்பது மாதமும் தொடர்ந்து ஓடிய எஞ்சின். சொந்தக்காரன் கையில் விமானம் அப்படியா இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பறக்கும்; அப்புறம் மூன்று வாரம் சும்மா நிற்கும். எஞ்சினுக்கு அந்த மூன்று வாரம்தான் கெடுதல். உள்ளே எண்ணெய்ப் படலம் வடிந்துபோகும், ஈரம் ஏறும், துரு பிடிக்கும். இந்த ஊரில் வீட்டு இரும்பு கேட்டுக்கு எத்தனை முறை பெயின்ட் அடிக்கிறோம் என்று நமக்குத் தெரியும். கடற்காற்றில் நிற்கும் விமானத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1929-ல் ஆகா கான் 500 பவுன் பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு. மூன்று பேர் போட்டியிட்டார்கள். மன்மோகன் சிங், ஜே.ஆர்.டி. டாடா, பதினேழு வயதுப் பையன் ஆஸ்பி எஞ்சினியர். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து மேற்கே போகிறார், ஆஸ்பி எதிர்த் திசையில் வருகிறார். எகிப்தில் அபுகிர் என்ற இடத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். பையன் நகர முடியாமல் நிற்கிறான், ஸ்பார்க் பிளக் இல்லை. ஜே.ஆர்.டி. தன்னிடமிருந்த உபரி பிளக்கைக் கொடுத்தார். ஆஸ்பி முந்திக்கொண்டு பரிசை வாங்கினார்; பின்னாளில் இந்திய விமானப்படையின் தலைவராகவும் ஆனார். பள்ளியில் இந்தக் கதையைப் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். இன்று வேறொன்றுக்காகச் சொல்கிறேன். கையளவு பிளக் ஒன்று இல்லாவிட்டால் 650 பவுன் விமானம் மணலில் நிற்கும் தட்டுமுட்டுச் சாமான்.

1932 அக்டோபர் 15 அன்று அதே ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். விமானம் புஸ் மாத், ஒற்றை எஞ்சின். அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலை எடுத்துக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். ஏர் இந்தியாவின் பிறப்பு என்று அதைக் கொண்டாடுகிறோம். ஜூஹுவில் அவர்களுக்கு அப்போது இருந்தது ஓலை வேய்ந்த கொட்டகை. மழைக்காலத்தில் அந்த மைதானம் தண்ணீரில் மூழ்கிவிடும். மூட்டை கட்டிக்கொண்டு புனேக்குப் போவார்கள். தபால் ஒப்பந்தம் என்ற வருமானம் இருந்ததால் அந்தச் சின்ன விமானங்களைக் கட்டி மேய்க்க முடிந்தது.

புஸ் மாத் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், தம்பியின் வீட்டார் கேட்க வேண்டிய பகுதி இது. 1930 முதல் இரண்டு மூன்று வருடங்களில் உலகின் பல இடங்களில் பல புஸ் மாத்கள் வானிலேயே இறக்கை முறிந்து விழுந்தன. ஏறியவர்கள் பிழைக்கவில்லை. ஆராய்ந்து, இறக்கையைத் தாங்கும் அமைப்பைப் பலப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்து, ஓடிக்கொண்டிருந்த விமானங்களிலும் மாற்றம் செய்யச் சொன்னார்கள். விமானம் வைத்திருப்பவனுக்கு இது வாழ்நாள் முழுக்கத் தொடரும் கடன். எங்கோ ஒரு நாட்டில், உங்கள் விமானத்தின் உடன்பிறப்பு ஒன்று விழுகிறது. காரணம் கண்டுபிடிக்கிறார்கள். 'இந்த வகை விமானம் எல்லாவற்றிலும் இந்தப் பாகத்தைச் சோதி, விரிசல் இருந்தால் மாற்று, அதுவரை பறக்காதே' என்று உத்தரவு வரும். உங்கள் விமானத்தில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் பிரித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்தச் செலவை வீட்டு வரவு செலவில் முன்கூட்டி எழுத முடியாது. விமானம் பழையதாக ஆக உத்தரவுகளின் கட்டும் தடித்துக்கொண்டே போகும்.

நம் நாட்டு வெயிலும் மழையும் இதில் சேரும். துணி போர்த்திய விமானத்தில் பருத்தியோ லினனோ இழுத்துத் தைத்து, மேலே டோப் என்ற பூச்சைப் பல தடவை பூசுவார்கள். பூச்சு காயும்போது துணி மேளத் தோல்போல இறுகும். வெயில் துணியின் நூலை அரிக்காதிருக்க அலுமினியப் பொடி கலந்த பூச்சு. அதனால்தான் பழைய விமானங்கள் வெள்ளி நிறத்தில் இருக்கும். அழகுக்காக என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். இவ்வளவும் செய்தும் சில வருடங்களில் துணி நைந்துவிடும். முழுக்க உரித்து, சட்டத்தைச் சோதித்து, மீண்டும் துணி போர்த்த வேண்டும். இறக்கையின் ஒவ்வொரு விலா எலும்போடும் துணியைச் சேர்த்து, மெழுகு பூசிய நூலால் கையால் முடிச்சுப் போட்டுத் தைக்கிற வேலை அது. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையே இத்தனை தூரம் என்று விதி உண்டு.

மரத்தை ஒட்டிய பசை இன்னொரு தலைவலி. அந்தக் காலத்தில் பால் புரதத்திலிருந்து செய்த பசையைப் பயன்படுத்தினார்கள். குளிர்நாட்டில் அது நன்றாக உழைக்கும். நம் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் பிடி விட்டுவிடும். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ன் கடைசியில், இந்தியாவில் இருந்த மஸ்கீட்டோ என்ற மரத்தாலான போர்விமானங்கள் சில இறக்கை உடைந்து விழுந்து, இங்கிலாந்திலிருந்து ஆராய வந்தார்கள். பசை போட்டு ஒட்டிய இணைப்புகள்தான் அன்றைக்குக் கேள்விக்குள்ளாயின. இத்தனைக்கும் அதற்குள் பசை மாறி, செயற்கைப் பசை வந்திருந்தது.

இந்தச் செலவையெல்லாம் தனி மனிதர் தாங்குவது கடினம் என்பதால் வந்தவைதான் பறக்கும் சங்கங்கள். பம்பாய், டெல்லி, கராச்சி, கல்கத்தா, கொஞ்சம் பின்னால் சென்னை. அரசு விமானங்களும் மானியமும் கொடுத்தது. உறுப்பினர்கள் மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து ஓட்டினார்கள். சொந்தமாக வைத்திருந்தவர்கள் என்று பார்த்தால் மகாராஜாக்கள், மில் முதலாளிகள், கம்பெனிகள். நம் பக்கத்தில் மறக்கக்கூடாத பெயர் வள்ளல் அழகப்பச் செட்டியார். லண்டனில் இருந்தபோது குரோய்டனில் விமானம் ஓட்டப் பழகிச் சான்றிதழ் வாங்கியவர். பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமானக் கம்பெனியே நடத்தினார். அது நிலைக்கவில்லை, 1953-ல் அரசு விமானக் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கியபோது அந்தப் பட்டியலில் அது இல்லை. காரைக்குடியில் அவர் கட்டிய கல்லூரிகள்தான் நிலைத்தன. என் அபிப்பிராயத்தில் விமானத்தில் போட்டதைவிட அது நல்ல முதலீடு.

சுதந்திரத்துக்குப் பின் சங்கங்களின் பழைய மாத்கள் ஓய்வுபெற வேண்டியிருந்தது. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் டாக்டர் வி.எம். காட்கே தலைமையில் புஷ்பக் என்ற விமானத்தைச் செய்தார்கள். 1958 செப்டம்பரில் முதலில் பறந்தது. 150-க்கும் மேல் செய்து நாடெங்கும் சங்கங்களுக்குக் கொடுத்தார்கள். புராணத்துப் புஷ்பக விமானத்தில் எத்தனை பேர் ஏறினாலும் ஓர் இடம் காலியாக இருக்கும் என்பார்கள். இதில் இரண்டே பேர். துணி போர்த்தியது, 90 குதிரைத் திறன் எஞ்சின். எஞ்சின் அமெரிக்கக் காண்டினென்டல் கம்பெனியுடையது.

அங்கேதான் சிக்கல். உடம்பு பெங்களூர், இதயம் அமெரிக்கா. இறக்குமதி உரிமம், அந்நியச் செலாவணி என்று நாடே பற்றாக்குறையில் இருந்த வருடங்கள் அவை. ஒரு பிஸ்டன் வளையத்துக்கும் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். உதிரிபாகம் வரும்வரை விமானம் நிற்கும். நிற்கும் விமானம் கெடும். கெட்டதிலிருந்து நல்ல பாகத்தைக் கழற்றி அடுத்ததில் போடுவார்கள். ஒரு விமானத்தைக் காப்பாற்ற இன்னொன்றைத் தின்னக் கொடுப்பது உலகம் முழுக்க விமானக் கொட்டகைகளில் நடப்பதுதான். இங்கே வேறு வழியே இருக்கவில்லை.

தம்பிக்கு ஒரு செய்தி. நீங்கள் வாங்க நினைக்கும் செஸ்னா 150-ன் எஞ்சினும் இந்தப் புஷ்பக் எஞ்சினும் ஒரே குடும்பம். உங்களுடையது இளையது, 100 குதிரைத் திறன். இரண்டுக்கும் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்லும் கெடு 1,800 மணி நேரம். மணிக்கு 20 லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். நால்வரும் சேர்ந்து வருடத்துக்கு 100 மணி நேரம் பறந்தால் 18 வருடம் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், கடைசியாகப் பிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்பது. எஞ்சின் புதுப்பிக்கும் நாள் வந்தால், விமானத்தின் விலையில் பாதியையோ அதற்கு மேலோ அது ஒன்றே விழுங்கிவிடும். ஒவ்வொரு மணி நேரம் பறக்கும்போதும் அந்த நாளுக்காக உண்டியலில் ஒரு தொகை போட்டு வருவதுதான் அங்கே விவரமுள்ளவர்கள் வழக்கம்.

பறக்காவிட்டாலும் தீராத செலவுகள் தனி. வருடாந்திரச் சோதனை, காப்பீடு, கொட்டகை வாடகை. கொட்டகை வேண்டாம், வெளியே கயிற்றில் கட்டி வைக்கலாம் என்று யாராவது சொன்னால், 2011 டிசம்பரில் தானே புயலன்று நம் ஊரில் எது நின்றது, எது பறந்தது என்று நினைத்துப் பாருங்கள். நால்வர் கூட்டில் இந்தச் செலவு நாலாகப் பிரியும். ஒருவர் விலகினால் மூன்றாகும். அதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள், குறிப்பேட்டைப் பாருங்கள். உடலுக்கு, எஞ்சினுக்கு என்று பதிவேடுகள் உண்டு. எந்தத் தேதியில் யார் எதைக் கழற்றினார், எதை மாட்டினார், கையெழுத்து யாருடையது என்று எல்லாம் இருக்கும். நம் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இல்லாவிட்டால் இந்தப் புதுச்சேரியின் சரித்திரம் எவ்வளவு குறைந்திருக்கும்! பழைய விமானத்துக்கு அந்தப் பதிவேடு அப்படி. நடுவில் சில வருடங்கள் விடுபட்டிருந்தால், அந்த வருடங்களில் அது எங்கே இருந்தது, எதில் மோதியது, எத்தனை மழையில் நனைந்தது என்று யாருக்கும் தெரியாது. பதிவேடு தொலைந்த விமானத்தின் விலை அதனால்தான் சரிந்துவிடுகிறது.

இவ்வளவு பழைய விமானத்தை ஏன் இன்னும் வாங்குகிறார்கள், புதிது செய்வதில்லையா என்று கேட்பீர்கள். செஸ்னா 150 செய்வது 1977-ல் நின்றது. 1986-ல் அந்தக் கம்பெனி சின்ன பிஸ்டன் விமானங்கள் செய்வதையே நிறுத்தியது. பல வருடங்களுக்கு முன் விற்ற விமானம் விழுந்தாலும் செய்தவன்மேல் வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்டார்கள் என்பது முக்கியக் காரணம். 1994-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்து, 18 வருடத்துக்கு மேற்பட்ட சின்ன விமானத்துக்குச் செய்தவன் பொறுப்பில்லை என்று பொதுவாக வரம்பு கட்டினார்கள். அதன்பின் 1996-ல் மீண்டும் தொடங்கினார்கள். ஆனால் புதியதின் விலை சாதாரண மனிதரை விட்டு எங்கோ போய்விட்டது. தம்பி போன்றவர்கள் தாத்தா காலத்து விமானத்தைத் தேடுவது அதனால்தான்.

எரிபொருள் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த எஞ்சின்களுக்குப் பெரிய விமானங்களின் மண்ணெண்ணெய் வகை எரிபொருள் ஆகாது. ஏவ்கேஸ் என்ற தனிப் பெட்ரோல் வேண்டும். கார் பெட்ரோலிலிருந்து ஈயத்தை நாம் 2000-ல் ஒழித்தோம். இதில் இன்னும் ஈயம் உண்டு. இந்தியாவில் இதை நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்தார்கள். 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் தன் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் செய்வதை அறிவித்தது.

ஜே.ஆர்.டி. தன் 78-ஆவது வயதில், 1982 அக்டோபர் 15 அன்று, ஐம்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் பயணத்தை மீண்டும் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியாகப் பறந்து காட்டினார். எல்லாப் பத்திரிகையிலும் அவர் படம் வந்தது. விமானம் லெபர்ட் மாத். 1936-க்குப் பின் செய்யாத வகை. புஸ் மாத்தின் இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குப் பதிலாக ஒட்டுப்பலகை உடம்பு. எவ்வளவு குறைவாக வைத்தாலும் அன்று அதற்கு 46 வயது. அந்த ஒட்டுப்பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்து, துணியைத் தைத்து, எஞ்சினைப் பிரித்துக் கோத்து, 'ஏறலாம்' என்று கையெழுத்துப் போட்ட மெக்கானிக்குகளை நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு முதியவரின் உயிர் இருந்தது. தம்பி, உங்கள் ஊரில் அப்படி ஒரு கை இருக்கிறதா, அவருக்கு என்ன வயது, அவருக்குப் பின் யார் என்பதை விசாரித்துவிட்டு, மற்ற மூவரையும் உட்காரவைத்துக் கணக்கை எழுதிப் பாருங்கள். அதை வீட்டிலும் காட்டுங்கள். வாங்கு, வாங்காதே என்று நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். முடிவு உங்கள் வீட்டில் எடுக்க வேண்டியது.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது, அல்லது உங்கள் அப்பா, சித்தப்பா, மாமா யாராவது மீனம்பாக்கத்திலோ பெங்களூரிலோ புஷ்பக்கில் வேலை பார்த்திருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். இறக்கைத் துணி தைத்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. நேரில் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன்.